பொறியில் ஏறிய தமிழ் எழுத்து: விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியின் சோதனைகள்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமெனச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, சாமல்பட்டி வட்டாரத்தின் பழமையைப் பற்றியோ, நம் முன்னோர் பட்ட பாடுகளைப் பற்றியோ நாம் எழுதுவோம் என்று அவர் எதிர்பார்த்திருத்தல் கூடும். அவற்றை எழுதத் தக்க பெரியவர்கள் நம்மிடையே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருளோ கடல் கடந்த சிங்கப்பூரில், ஆசிரியர் பயிற்சிக் கழகம் ஒன்றில், தமிழ் விரிவுரையாளர் ஒருவர் கணிப்பொறியை வைத்துக்கொண்டு செய்து பார்த்த சோதனைகள் பற்றியது. இது நமக்கு எதற்கு என்று இளைஞர்கள் கேட்கலாம். நம்மை இப்பொருளுக்கு இழுத்துச் சென்ற சிறு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகின்றோம்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு மாலை, நம் தெருவைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர் கையில் கைப்பேசியுடன் நம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். இளமையில் பள்ளியின் வாசலை மிதியாதவர். 1990-களில் அறிவொளி இயக்கம் நம் சேரிக்கு வந்தபோது, கூலி வேலை முடிந்து வந்து, அரிக்கேன் விளக்கின் அடியில் அமர்ந்து எழுத்துக் கற்றவர். இன்று பேருந்தின் பெயர்ப் பலகையையும் ரேஷன் அட்டையையும் பிறர் துணையின்றிப் படிப்பவர். அவருடைய மகன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முறைவேலை பார்க்கின்றான். அவன் அனுப்பிய செய்தியைக் காட்டி, “எனக்குத்தான் படிக்கத் தெரியுமே தம்பி, இது என்ன எழுத்து?” என்று அவர் கேட்டார். வாங்கிப் பார்த்தோம். செய்தி தமிழ்தான், எழுத்து ஆங்கிலம். பணம் அனுப்பிவிட்டேன், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், மாத்திரையை மறக்காதே என்பது அதன் பொருள். படித்துச் சொன்னோம். அவர் மகிழ்ந்தார் என்று சொல்வதற்கில்லை. நாற்பது வயதுக்குமேல் பாடுபட்டுக் கற்ற எழுத்து, தம் மகனிடமிருந்து வந்த நான்கு வரியைப் படிக்கப் பயன்படவில்லையே என்ற வாட்டம் அவர் முகத்தில் தெரிந்தது.

அம்மகனின் கைப்பேசிக்குள்ளேயே தமிழ் எழுத்துக்கள் இருக்கின்றன. அவற்றை அங்கே கொண்டுபோய் வைத்தவர்கள் யாவர்? எவ்வாறு வைத்தார்கள்? இதைத் தேடிப் போனபோதுதான் நா. கோவிந்தசாமி என்னும் பெயரை நாம் மீண்டும் சந்தித்தோம்.

எழுத்தை ஏந்தும் கருவி மாறும்போதெல்லாம், அக்கருவி யார் கைக்கு எட்டும் என்ற கேள்வி எழுவது வரலாறு. ஓலையும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் அவை நம்மவர் பெரும்பாலோர்க்கு எட்டாதவை. அச்சுப்பொறி வந்தபோது, அதை நம் முன்னோர் தாமதமின்றிப் பற்றினர். இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். கூலி வேலை செய்பவனும் வாங்கிப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன் பெயரிலேயே விலையாக எழுதப்பட்டிருந்தது. பின்னர் ‘தமிழன்’ எனப் பெயர் சுருங்கிய அவ்விதழ், பண்டிதர் மறைந்த பிறகு நமக்கு அண்மையிலுள்ள கோலார் தங்கவயலிலிருந்து மறுபடியும் வெளிவந்தது. நம் வட்டாரத்திலிருந்து அச்சுரங்கங்களுக்குப் பிழைக்கச் சென்ற குடும்பங்கள் எத்தனை என்பதை நம் முதியோர் அறிவர். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் அவர்களும் 1920-இல் ‘மூக்நாயக்’ இதழுடன்தான் பொதுவாழ்வில் தம் குரலை எழுப்பினார். அச்செழுத்து அன்றைய புதுப்பொறி; அதைக் கண்டு நம் முன்னோர் அஞ்சவில்லை.

அச்சுக்குப் பின் தட்டச்சு வந்தது. தமிழுக்கு 247 எழுத்துக்கள். தட்டச்சுப்பொறியிலோ ஐம்பதுக்குக் குறைவான விசைகள். கொம்பு, கால், புள்ளி, விலங்கு என்று எழுத்தைத் துண்டு துண்டாக்கி விசைகளில் ஏற்றினர். ‘கொ’ என்று அடிக்க வேண்டுமெனில் முதலில் கொம்பு, பிறகு ககரம், அதன்பின் கால் என மூன்று முறை தட்ட வேண்டும். நாம் பட்டப்படிப்பை முடித்த கையோடு ஊத்தங்கரையில் தட்டச்சு நிலையம் ஒன்றில் சில மாதம் பயின்றோம். வாயால் ‘கொ’ என்று சொல்லிக்கொண்டே கையால் கொம்பைத் தேடும் அந்த அவதி இன்றும் நினைவில் இருக்கின்றது. பேசும் முறை ஒன்று, தட்டும் முறை வேறு. அச்சுக்கும் தட்டச்சுக்கும் எளிதாக வேண்டும் என்பதை முன்னிறுத்தித் தந்தை பெரியார் 1935-இல் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைக் கையாளத் தொடங்கினார். அதன் ஒரு பகுதியைத் தமிழக அரசு 1978-இல் ஏற்றது. பழைய ‘லை’, ‘ணை’ முதலியவற்றின் தும்பிக்கைகள் மறைந்தது அப்போதுதான்.

அடுத்து வந்தது கணிப்பொறி. ஆங்கிலேயர் மொழிக்கென அமெரிக்க நாட்டில் உருவான கருவி அது. அதன் உள்ளே எழுத்து என்று ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உள. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணை ஒதுக்கி, அந்த எண் வந்தால் இந்த வடிவத்தைத் திரையில் காட்டு என்று பொறிக்குச் சொல்லி வைக்க வேண்டும். அக்காலக் கணிப்பொறிகளில் இதற்கென இருந்த இடங்கள் 256. முதற்பாதியான 128 இடங்களை ஆங்கிலமும் பொறிக்கு வேண்டிய குறிகளும் முன்னரே பிடித்துக்கொண்டன. எஞ்சிய 128 இடங்களுக்குள் தமிழின் 247 எழுத்துக்களையும் அடக்க வேண்டும். பந்தியில் பிந்தி வந்தவனுக்கு இடம் தேடும் கதைதான். நம் மக்களுக்கு இது புரியாத கதையன்று.

இவ்வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் பெரும் நிறுவனத்தாரோ அரசினரோ அல்லர். கனடாவில் முனைவர் சீனிவாசன் 1984-இல் ‘ஆதமி’ என்னும் செயலியை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய ‘முரசு’, பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சியாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை ஆக்கி விலையின்றி வழங்கினார். அவரே 1998 பொங்கலன்று பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் மதுரைத் திட்டத்தையும் தொடங்கினார். வேறு வேலையால் வயிறு வளர்த்து, ஓய்வு நேரத்தில் தமிழுக்கு உழைத்தவர்கள் இவர்களில் பலர்.

இக்கூட்டத்தில் கோவிந்தசாமி தனித்து நிற்பது ஒரு காரணத்தால். அவர் பொறியாளர் அல்லர், விஞ்ஞானியும் அல்லர். தமிழாசிரியர்.

நா. கோவிந்தசாமி 1946-இல் பிறந்தவர். பள்ளி ஆசிரியராகத் தொடங்கி, சிங்கப்பூரின் ஆசிரியர்களை உருவாக்கும் தேசியக் கல்விக் கழகத்தில் தமிழ் விரிவுரையாளராக உயர்ந்தார். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பகுதியாக 1991-இல் அமைந்தது அக்கழகம். அவர் சிறுகதை ஆசிரியரும்கூட. 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கதை எழுதுபவர் கணிப்பொறியைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்று அன்று பலர் வியந்திருப்பர். அதை அறிய அந்நாட்டின் நிலையைச் சற்று அறிதல் வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாணயத்திலும் நாடாளுமன்றத்திலும் அதற்கு இடமுண்டு. அங்குக் குடியேறிய தமிழருள் பெரும்பாலோர் துறைமுகத்திலும் சாலையிலும் உடல் வருந்தி உழைத்தவர்கள். ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து சென்றோர் அவர்களில் ஏராளம். கோ. சாரங்கபாணி 1935-இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கி அம்மக்களிடையே சீர்திருத்தத்தையும் கல்வியையும் வளர்த்தார். இவ்வளவு இருந்தும், அந்நாட்டின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982-இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ் ஒரு பாடம் மட்டும். அப்பாடவேளை முடிந்த பின் பிள்ளை பார்ப்பதும் கேட்பதும் ஆங்கிலம். பாடத்தில் மட்டும் வாழும் மொழி தேர்வு முடிந்த மறுநாளே செத்துவிடும் என்பது ஆசிரியத் தொழிலில் உள்ள எவர்க்கும் தெரியும். பிள்ளையின் ஓய்வு நேரத்தில் தமிழுக்கு இடம் இருந்தாலன்றி வகுப்பில் எத்துணை முயன்றும் பயனில்லை. ஓய்வு நேரமோ திரையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

அந்நாட்டு அரசு 1997-இல் கல்விக்கான தகவல் தொழில்நுட்பப் பெருந்திட்டத்தை அறிவித்தது. ஐந்தாண்டில் 200 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 2002-க்குள் இரண்டு மாணவர்க்கு ஒரு கணிப்பொறி. பாடவேளையில் நூற்றுக்கு 30 பங்கு கணிப்பொறி வழியே என்பன அதன் இலக்குகள். கணிப்பொறியில் தமிழ் இல்லையெனில் என்னாகும்? கணக்கும் அறிவியலும் ஒளிவீசும் திரையில் இருக்க, தமிழ்ப் பாடம் மட்டும் கரும்பலகையில் கிடக்கும். பிள்ளை கண்ணுக்குத் தமிழ் பழைய சரக்காகத் தெரியும். இத்திட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே கோவிந்தசாமி தம் சோதனையைத் தொடங்கிவிட்டார் என்பதில்தான் அவருடைய தொலைநோக்கு விளங்குகின்றது.

அவர் ஆக்கிய எழுத்துருவுக்கும் விசைப்பலகை முறைக்கும் ‘கணியன்’ என்று பெயர். சங்கப் புலவர் கணியன் பூங்குன்றனாரை நினைவூட்டும் பெயர். கணிப்பவன் என்ற பொருளும் அதில் உண்டு. அதன் அடிப்படை ஒலிப்பு முறை. தமிழில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1, ஆக 31. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று நாம் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகின்றோம். அந்த இலக்கணத்தையே பொறிக்குச் சொல்லிக் கொடுத்தால் போதும். ககரத்தைத் தட்டி ஒகரத்தைத் தட்டினால், கொம்பையும் காலையும் தேடி எடுத்து உரிய இடத்தில் வைக்கும் வேலையைப் பொறியே செய்துகொள்ளும். தட்டச்சுக்காரர் ‘எழுத்தின் உருவத்தை எப்படி வெட்டலாம்’ என்று பார்த்தனர். தமிழாசிரியர் ‘எழுத்து எப்படிப் பிறக்கின்றது’ என்று பார்த்தார். முதல் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்ததே பொறிக்கும் போதுமானது என்பது இச்சோதனையின் உட்பொருள். ஆங்கிலம் கற்ற பின்னரே தமிழைத் தட்ட முடியும் என்ற நிலையும் இதில் இல்லை. அகர முதலெழுத்துக் கற்ற எவரும் நேரே உள்ளே வரலாம்.

தனியொருவராய் இது கைகூடவில்லை. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்துகொண்டு இணைய ஆராய்ச்சியில் ஈடுபட்ட டான் டின் வீ என்ற சீன அறிஞர் அவருக்குத் துணை நின்றார். சீன எழுத்தை இணையத்தில் ஏற்றிய பட்டறிவு அவர் பக்கம் இருந்தது. ஆங்கிலம் அல்லாத மொழிகளுக்கு இணையத்தில் இடம் வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டனர். தமிழுக்கான வேலை தமிழர் மட்டும் கூடிச் செய்தது என்று மேடையில் பேசுவோர்க்கு இதை நினைவூட்ட விரும்புகின்றோம்.

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் இணையத் தளம் ஒன்றை அந்நாட்டு அதிபர் ஓங் டெங் சியோங் தொடங்கி வைத்தார். நாட்டின் நான்கு மொழிக் கவிதைகளும் அதில் இடம்பெற்றன. உலக இணையத்தில் தமிழ் ஏறிய முதற்பக்கங்களுள் ஒன்றாக வரலாற்றில் நிற்பது அது. அதற்கான தமிழ்ப் பகுதியை ஆக்கியவர் கோவிந்தசாமி. வகுப்பறைப் பாடத்தையோ, அரசாங்கச் சுற்றறிக்கையையோ, வணிக விளம்பரத்தையோ அவர் முதலில் ஏற்றவில்லை, கவிதையை ஏற்றினார். ஆசிரியராகிய நாம் இவ்விடத்தில் சற்று வெட்கத்துடன் நின்றோம். புதிய கருவி எது கைக்கு வந்தாலும் ‘பாடத்துக்கு மட்டும் பயன்படுத்து’ என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். அவரோ மனம் விரும்பிப் படிப்பதற்கானதை முதலில் வைத்தார். விருப்பத்தோடு ஒருமுறை வந்தவன் பாடத்துக்கும் வருவான் என்பதைக் கதை எழுதியவர் அறிந்திருந்தார் போலும்.

அன்று அப்பக்கத்தைப் பார்ப்பதும் எளிதன்று. எழுத்துருவைத் தனியே இறக்கித் தம் கணிப்பொறியில் பொருத்தியவர்க்கே தமிழ் தெரியும். ஏனையோர்க்குப் பொருளற்ற குறிகளே தெரியும். இதைவிடப் பெருந்தொல்லை வேறொன்று. எஞ்சிய 128 இடங்களில் எந்த எழுத்தை எங்கே வைப்பது என்பதில் ஆளுக்கொரு முறை. ஒருவர் ககரத்தை வைத்த எண்ணில் இன்னொருவர் மகரத்தை வைத்தார். ஓர் எழுத்துருவில் எழுதிய மடலை மற்றோர் எழுத்துருவில் திறந்தால் பேய் எழுத்து. தமிழன் எழுதியதைத் தமிழனே படிக்க முடியாத நிலை. ஒரே ஊரில் தெருவுக்கொரு கிணறு வைத்துக்கொண்ட நம் நாட்டு வழக்கம் கணிப்பொறிக்குள்ளும் புகுந்துகொண்டதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

இந்நிலை மாற எல்லோரும் ஓரிடத்தில் அமர்ந்து பேச வேண்டும் என்று முன்வந்தவர் கோவிந்தசாமியே. 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் அவர் கூட்டிய ‘தமிழ்நெட் 97’ கருத்தரங்கு, பல நாடுகளில் தனித்தனியே உழைத்தவர்களை ஒன்றுசேர்த்தது. முகத்தையே அறியாமல் மின்மடலில் வாதிட்டவர்கள் நேரில் கண்டனர். இணையப் பக்கம் மட்டும் போதாது. மடல், உரையாடல் அனைத்தும் தமிழில் நடக்க வேண்டும் என்பது அங்கு அவர் முன்வைத்த கருத்து. வாதங்கள் தீர்ந்துவிடவில்லை; தீராத வாதத்துக்கு ஒரு கூரையாவது கிடைத்தது.

அக்கருத்தரங்கின் தொடர்ச்சியாக 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு ‘தமிழ்நெட் 99’ மாநாட்டை நடத்தியது. முதலமைச்சர் கலைஞர் மு. கருணாநிதி அவர்களின் ஆதரவில், முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன் முன்னின்று நடத்திய அம்மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ விசைப்பலகை அரசின் தரமாயிற்று. அதன் அமைப்பு அழகியது: இடக்கைப் பக்கம் உயிர்கள், வலக்கைப் பக்கம் மெய்கள். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்துக்குத் தானே புள்ளி விழும். ‘அம்மா’ என்று எழுத அகரம், மகரம், மகரம், ஆகாரம் என நான்கே தட்டு. உயிரும் மெய்யும் சேர்ந்து எழுத்தாகும் என்ற அதே இலக்கண நெறி இங்கும் ஆட்சி செய்வதைக் காண்க.

மாநாடு முடிந்து மூன்று திங்களும் சில நாளுமே ஆகியிருந்தன. 1999 மே 26 அன்று கோவிந்தசாமி மறைந்தார். அப்போது அவருக்கு வயது 53. அந்த வயதை நாம் கடந்துவிட்டோம் என்பதை இவ்வரியை எழுதும்போது உணர்கின்றோம். அடுத்த ஆண்டு, 2000 சூலையில், அதே சிங்கப்பூரில் கூடிய தமிழ் இணைய மாநாட்டின்போது ‘உத்தமம்’ என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. 2001 பிப்ரவரியில் தமிழ் இணையப் பல்கலைக்கழகம் சென்னையில் தொடங்கப்பட்டது. எழுத்துருக் குழப்பத்தை இறுதியில் தீர்த்தது, உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் ‘யூனிகோடு’ என்னும் ஒருங்குறி. அதில் 1991-லேயே தமிழுக்கு இடம் கிடைத்திருந்தும், அது மக்களின் கைக்கு வந்து சேரப் பல்லாண்டுகள் ஆயின. தமிழக அரசு 2010-இல் அதனைத் தரமாக ஏற்றது. கைப்பேசியில் தமிழ் எழுத முத்து நெடுமாறன் 2005-இல் ‘செல்லினம்’ வெளியிட்டதும் சிங்கப்பூரிலேதான்.

இவையெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று இளைஞர்கள் கேட்டால் மறைக்க மாட்டோம். நாம் பணியாற்றிய பள்ளி ஒன்றுக்கு முதன்முதலில் கணிப்பொறிகள் வந்தபோது, அவற்றுக்குத் துணி உறை தைத்துப் போட்டு, அறையைப் பூட்டி, சாவியை நாமே வைத்துக்கொண்டோம். பழுதானால் யார் பதில் சொல்வது என்ற அச்சம். ஆய்வு அலுவலர் வரும் நாளில் மட்டும் திறப்போம். ஈராண்டில் பாதிப் பொறிகள், ஒரு பிள்ளையின் விரலும் படாமலேயே பழுதாயின. எலி வடத்தைக் கடித்திருந்தது. 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியபோது நம் பிள்ளைகளின் வீட்டுக்கும் பொறி வந்தது. கூரை வீட்டில், மின்விளக்கு ஒன்றே எரியும் இடத்தில், மடிக்கணினி. நம் தெருவில் அதை முதலில் பெற்ற மாணவி ஒருத்தி, தன் பாட்டி பாடும் நடவுப் பாட்டுகளை மாலைதோறும் தமிழில் தட்டி வைத்தாள். ‘தேர்வுக்குப் படிக்காமல் இது என்ன வேலை?’ என்று கடிந்துகொண்டவரும் நாமே. அப்போது கோவிந்தசாமியின் முதற்பக்கம் கவிதைப் பக்கம் என்பது நமக்குத் தெரியாது. இன்று அப்பாட்டி இல்லை. பாட்டுகள் அவளிடம் இருக்கின்றன.

ஓய்வு நேரத்தை நாம் ஏன் அவ்வளவு ஐயத்தோடு பார்த்தோம்? நம் முன்னோர்க்கு ஓய்வு என்பது இருந்ததில்லை. விடியுமுன் ஏர் பூட்டி, இருட்டிய பின் வீடு திரும்பிய பண்ணையாளுக்கு ஓய்வேது? கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமே 1976-இல்தான் வந்தது. ஆலைத் தொழிலாளியின் வேலைநேரத்தை வாரத்துக்கு 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைத்த 1946-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை முன்மொழிந்தவர் அன்று வைசிராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர் ஆவார். ஓசூர்த் தொழிற்பேட்டையில் எட்டு மணி நேரம் முடிந்து பேருந்தில் அமர்ந்து கைப்பேசியைத் திறக்கும் இளைஞன், அவ்வாறு வாங்கித் தரப்பட்ட நேரத்தில்தான் அதைத் திறக்கின்றான். அதில் அவன் விளையாடட்டும், படம் பார்க்கட்டும்; நாம் குறை கூற வரவில்லை. தமிழை ஆங்கில எழுத்தில் தட்டும்போது பழமும் பலமும் பாலமும் ஒன்றாகிவிடுவது மட்டுமே நம் கவலை. நம் சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் ‘பாலம் கட்ட நன்கொடை’ என்று வந்த செய்தியைப் ‘பழம்’ என்று படித்து, விழாவுக்கு வாழைப்பழத் தாருடன் வந்த உறுப்பினரை இங்கே பெயர் சொல்லாமல் விடுகின்றோம்.

தெலுங்கும் கன்னடமும் தமிழும் கலந்து வழங்கும் எல்லைப்புறம் நம்முடையது. வேலைக்குப் பெங்களூர் சென்றால் கன்னடம், மேற்பார்வையாளரிடம் ஆங்கிலம், வீட்டில் தமிழ் என்று நம் இளைஞர்கள் நாவால் எளிதாகத் தாண்டுகின்றனர். எழுத்தில் மட்டும் வீட்டு மொழிக்கு இரவல் சட்டை போடுகின்றனர். 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது, வீட்டில் இருந்த ஒரே கைப்பேசிதான் பள்ளியாக இருந்தது. அப்போது பாடக் குறிப்புகளைத் தமிழ் எழுத்தில் அனுப்பிய ஆசிரியரின் வகுப்பில், எழுத்தறிந்த தாய்மார் பிள்ளைக்கு உதவ முடிந்தது. ஆங்கில எழுத்தில் அனுப்பியவர் வகுப்பில் அது இயலவில்லை. நாம் நேரில் கண்டது இது.

மூதாட்டியின் மகன் சொன்னபடியே ஞாயிற்றுக்கிழமை வந்தான். அழைத்து அமரச் செய்து, அவன் கைப்பேசியில் செல்லினத்தை இறக்கித் தமிழ்99 விசைகளைத் திறந்து கொடுத்தோம். “எனக்குத் தமிழ்ல அடிச்சா வேகம் வராது சார்” என்றான். அகரம், மகரம், மகரம், ஆகாரம் என்று நான்கு முறை தட்டச் சொன்னோம். திரையில் ‘அம்மா’ என்று விழுந்தது. புள்ளி தானாக வந்ததைக் கண்டு, “இது எப்படி சார்?” என்று கேட்டான். சிங்கப்பூர் விரிவுரையாளர் கதையைச் சொன்னோம், பொறுமையாகக் கேட்டான்.

அடுத்த வாரம் அவன் தாயாருக்குத் தமிழில் செய்தி வந்தது. அதைப் படித்துக் காட்ட அல்ல, இரண்டிடத்தில் றகரத்துக்கு ரகரம் போட்டிருக்கின்றான் என்று சொல்லவே அவ்வம்மையார் நம் திண்ணைக்கு வந்தார்.